துணி கட்டிய வாழை

வாழைக் கறை வெள்ளைச் சட்டையில் பட்டதும் தெரியாது. வெயில் ஏற ஏறப் பழுப்பாகி, துவைக்கத் துவைக்கக் கறுத்துக்கொண்டே போகும். ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட பள்ளிச் சட்டையில் கைப்பக்கம் முழுக்க அந்தக் கறை இருந்தது. அது எப்படி வந்தது என்று அப்பாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

விக்கிரமங்கலத்தில் எங்கள் பூவன் தோட்டத்தில் தார் முற்றும் நாட்களில் அப்பா வரிசை வரிசையாக நடந்து சீப்புகளை எண்ணுவார். சீப்பு அதிகமாக, காய் சீராகத் திரண்டு, நோயில்லாமல் நிற்கும் மரத்தில் அம்மாவின் பழஞ்சேலையில் கிழித்த சிவப்புத் துணியைக் கட்டுவார். அது "தாய்க்கட்டை". தாரை வெட்டி இறக்கிய பிறகு நல்ல மரமும் சவலை மரமும் ஒரே மாதிரி மொட்டைக் கட்டைகள்தாம். எதன் அடியில் கன்று எடுப்பது என்பதைத் துணிதான் சொல்லும். துணி கட்டியவற்றின் கன்றுகள் எங்கள் அடுத்த நடவுக்கு. மற்றவற்றில் யார் வேண்டுமானாலும் தோண்டிக்கொள்ளலாம்.

அடுத்த தோட்டம் பெரியப்பாவுடையது. அவர் கன்று கேட்டபோது, "துணி கட்டாததுல எது வேணுமோ எடுத்துக்கண்ணே" என்றார் அப்பா. மறுநாள் பள்ளி விட்டு நான் வரும்போது பெரியப்பா எங்கள் தோட்டத்துக்குள் நின்றிருந்தார். தோளில் அந்தச் சிவப்புத் துணிகள்.

"ஆயி, காத்துல எல்லாம் அவுந்து கெடக்கு பாரு. நான் காட்டுற கட்டையில கட்டு."

அவர் காட்டிய ஒவ்வொரு கட்டையையும் அணைத்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன். "ஒங்கப்பனைவிட நீ கெட்டிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

அடுத்த ஆண்டு எங்கள் மரங்களில் ஐந்து சீப்பு, ஆறு சீப்பு. வேலிக்கு அப்பால் அவருடைய மரங்கள் தாரின் கனம் தாங்காமல் முட்டுக்கழியில் சாய்ந்து நின்றன.

"என்னடா தம்பி, இந்தத் தாரைத் தூக்க ஆளு எதுக்கு? ஒம் மவளே ஒத்தக் கையில தூக்கிட்டுப் போயிடுமே" என்ற பெரியப்பா, என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல கட்டைகளின் துணியை அவிழ்த்து, சவலைக் கட்டைகளில் என்னைக் கட்டவைத்திருந்தார் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. அப்பாவோ, "நான்தான் சரியா எண்ணல போலருக்கு" என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு அவர் வாழையே வைக்கவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். தன் கண்தான் பிசகியது என்ற நினைப்போடே செத்துப்போனார்.

கீழப்பழுவூரில் வாழ்க்கைப்பட்ட நான் இன்றும் என் பூவனில் துணி கட்டுகிறேன். சீப்பு எண்ணுவது என் பத்து வயது மகள். சென்ற மாதம் பெரியப்பா போனில் பேசினார். அவர் வாழையெல்லாம் நோயில் அழிந்துவிட்டதாம், கண்ணும் மங்கிவிட்டதாம்.

"பேரன் புதுசா நடப்போறான் ஆயி. துணி கட்டுன கட்டையில கன்னு குடு. ஒன்னைய நம்பித்தான் நாளைக்கு வரேன்."

"வாங்க பெரியப்பா" என்றேன். இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன்.

தார் இறக்கிய கட்டைகளிலிருந்து துணிகளை அவிழ்த்தேன். மாற்றிக் கட்ட என் கையே போதும்; இருந்தும் மகளைக் கூப்பிட்டேன். "காத்துல அவுந்து கெடக்கு பாரு, நான் காட்டுற கட்டையில கட்டு." அவருடைய சொற்கள் அப்படியே என் வாயில் வந்தன.

"இது அஞ்சு சீப்பு மரம்மா. நாந்தானே எண்ணுனேன்."

"பேசாம கட்டுடி."

கட்டினாள். மறுநாள் வந்த பெரியப்பா துணியைத் தடவிப் பார்த்து, "ஒங்கப்பன் பழக்கம்" என்றார். பேரன் மகிழ்ச்சியாகத் தோண்டி வண்டி நிறைய ஏற்றிக்கொண்டான். போகும்போது பெரியப்பா என் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விக்கிரமங்கலத்துத் தோட்டம் இப்போது லாரிகள் நிற்கும் இடம். அப்பா துணி கட்டிய மரங்களின் வழிவந்த கன்று ஒன்றுகூட இந்த மண்ணில் இல்லை. அந்தப் பேரனின் தோட்டத்தில் தார் தள்ளும்போது வேலியோரம் போய் நின்று, "இதைத் தூக்க ஆளு எதுக்கு?" என்று நான் கேட்கத்தான் போகிறேன். அதில் மாற்றமில்லை.

ஆனால் மகள் இப்போது சீப்பு எண்ண வருவதில்லை. நேற்று அவள் பள்ளிச் சட்டையை ஊறப்போட எடுத்தபோது கைப்பக்கம் கறுத்திருந்தது. எப்படி வந்த கறை என்று அவள் அப்பா கேட்டார்.

"தெரியலப்பா" என்றாள்.