காற்றுக்குப் பத்து பைசா

காற்றுக்குக் காசு கேட்டார்கள்.

பெட்ரோலுக்கு இல்லை, ஆயிலுக்கு இல்லை... காற்றுக்கு! கும்மிடிப்பூண்டியில் நான் வழக்கமாகப் போகும் பங்க்கில் ஸ்கூட்டரை நிறுத்திப் பின் சக்கரத்தைக் காட்டினேன். காற்றடிக்கும் தணிகாசலம் குழாயைக் கையில் பிடித்தபடி கம்பத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். புதிதாக ஒரு தகரப் பலகை. 'காற்று - ஒரு சக்கரத்துக்குப் பத்து பைசா.'

இரண்டு தடவை படித்தேன். தூக்கிவாரிப் போட்டது.

நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பெட்ரோல் விலை ஏறியது - பல்லைக் கடித்துக்கொண்டோம். அரிசி ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது... அதற்கும் பழகிவிட்டோம். ஆனால் காற்று எந்தத் தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது? எந்த ஷேக் அதன் விலையை ஏற்றினார்?

முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். கோபம் வந்தால் எனக்குக் குரல் எவ்வளவு உயரும் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ரங்கையா வந்தார். ஆந்திரா எல்லைப் பக்கத்து மனிதர், சாது. தன் கஷ்டத்தைச் சொன்னார். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து கார்க்காரர்கள் ரயிலுக்குப் போய்விட்டார்களாம். வருகிற பாதிப் பேர் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு போகிறார்களாம். காற்றடிக்கும் மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டார்.

நான் விடுவேனா? காற்று என்பது விற்கிற சரக்கு இல்லை, அது வாடிக்கைக்காரருக்குச் செய்கிற மரியாதை என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். எனக்குப் பின்னால் ஒரு டயர் வண்டி நின்றிருந்தது. மரச் சக்கரத்துக்குப் பதில் பழைய மோட்டார் டயரை மாட்டிய மாட்டு வண்டி - கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இப்போது நிறையப் பார்க்கலாம். வண்டி நிறைய இறால் கூடைகள். அவற்றின் மேல் ஈரச் சாக்கு. புருஷன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெண்சாதி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. இதோ நிற்கிறாளே, இந்த ஏழையிடமும் பிடுங்குவீர்களா என்று ரங்கையாவைக் கேட்டேன்.

“நா குடுத்துர்றேன் சார்,” என்றாள் அவள். “நீ எதுக்கு சார் சண்ட போட்டுக்கினு கீற?”

“நீ பயப்படாதேம்மா, நான் பாத்துக்கறேன்.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் அவளைக் கையமர்த்திவிட்டு என் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். இதை அப்படியே பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். ரங்கையாவின் முகம் செத்துப்போயிற்று. தணிகாசலத்தைக் கூப்பிட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னார். என் கண் முன்னாலேயே கழற்றினான்.

அன்றைக்கு நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில் நான்தான் ஹீரோ. அக்கவுண்ட்ஸ் ஆபீசர் எழுந்து வந்து கை குலுக்கினார். பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நிற்கலாமே என்றுகூட ஒருவர் சொன்னார். ஒரு கணம் யோசிக்கவும் செய்தேன்!

அடுத்த வாரம், திங்கட்கிழமை காலை. அதே சாலையில் வந்துகொண்டிருந்தேன்.

பங்க்குக்கு வெளியே, சாலை ஓரத்தில் அந்த டயர் வண்டி நின்றது. இடது பக்க டயர் சப்பையாகத் தரையோடு ஒட்டியிருந்தது. மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணில் ஒரு குட்டையே கட்டியிருந்தது. அவள் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள். பங்க்குக்கு உள்ளே, நிழலில், தணிகாசலம் ஒரு லாரிக்கு நிதானமாகக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு விளங்கவில்லை. இப்போதுதான் காசு கிடையாதே, உள்ளே போய் அடித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“அதான் சார் பேஜாரு. பெட்ரோலு போடற வண்டிக்குத்தான் காத்தாம். மாடு இன்னா பெட்ரோலா குடிக்குது?”

அவள் பெயர் கன்னியம்மா. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். விடியற்காலையில் வலையில் விழுகிற இறாலை ஐஸ் போட்டு, வண்டியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் நிற்கும் மெட்ராஸ் வியாபாரியின் வேனில் சேர்க்க வேண்டும். வேன் யாருக்காகவும் காத்திருக்காது. வண்டிக்கு மாட்டியிருப்பதோ செகண்ட் ஹாண்ட் டயர்... வழியெல்லாம் காற்று இறங்கும். சைக்கிள் கடைக் கைப்பம்பு அதற்குப் போதாது. பங்க்கை விட்டால் வேறு கதி இல்லை.

பலகை வருவதற்கு முன்னால் அவர்களைப் பங்க்குக்கு உள்ளேயே விடமாட்டார்களாம். சிமெண்டுத் தரையில் மாடு சாணி போடும் என்று விரட்டிவிடுவார்களாம். அதனால் எப்போதும் பாதி பாரம்தான் ஏற்றுவார்களாம். மீதி இறாலைக் கரையிலேயே, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்களாம்.

“போர்டு மாட்டுன அன்னிக்குதான் சார் நாங்க மொத மொதல்ல உள்ள போனோம். காச குடுத்தோம், அவன் குந்திக்கினு காத்து புடிச்சான். மாடு சாணி போட்டுச்சு... அப்பக்கூட ஒண்ணும் சொல்லல. அந்த தைரியத்துலதான் முழுப் பாரம் ஏத்த ஆரம்பிச்சோம்.”

ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து இலவசமாகக் காற்றடித்து வருகிறேன். அது எல்லோருக்கும் இலவசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாங்க வக்குள்ளவனுக்கு மட்டும்தான் அந்த இலவசம் என்பது ஒரு நாளாவது என் மண்டையில் ஏறியதா? இந்த அழகில் ஊருக்கு நியாயம் சொல்லப் பேனா வேறு பிடிக்கிறேன்!

கன்னியம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

“நீ எனிக்கோசரம்தான் பேசுன சார், தெரியும். என்னிய ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேசியிருக்கலாம்.”

ஓடினேன் ரங்கையாவிடம். அவர் மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். பலகையைக் கழற்றியதிலிருந்து லாரிக்காரர்கள் அவரைத் தர்மப் பிரபு என்கிறார்களாம். வண்டிகள்கூடக் கொஞ்சம் அதிகமாக வருகின்றனவாம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்பட்டார்.

“நீங்கதானே சார் சொன்னீங்க, காத்து கஸ்டமருக்குச் செய்யற மரியாதைன்னு? அவங்க நம்ம கஸ்டமர் இல்லியே.”

என் சொற்பொழிவை என்னிடமே ஒப்பித்துவிட்டார்.

என் முகத்துக்காக அன்று ஒரு நாள் காற்றடிக்கச் சொன்னார். மறுபடி மாட்டைப் பூட்டி, சப்பை டயரோடு வண்டியை உள்ளே இழுத்து, காற்றடித்து அனுப்புவதற்குள் வேன் போய்விட்டது. ஐஸ் கரைந்து இறாலின் தலையெல்லாம் கறுக்கத் தொடங்கிவிட்டது. கடைத்தெருவில் கூடையை இறக்கிக் கேட்ட விலைக்குக் கொடுத்தாள் கன்னியம்மா. அன்றைக்கு ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து இறால் குழம்பு வாசனை வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளைக் கடைத்தெருவில் விட்டு வருவதற்கு முன்னால், தினமும் ரங்கையாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன் என்றேன். அவள் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“இன்னிக்கு நீ பக்கத்துல நிக்கற, புடிக்கறான். நாளிக்கும் வந்து நிப்பியா சார்?”

நிற்க முடியாதுதான். எட்டு மணிக்கு எனக்கு ஷிப்ட்.

மறுநாள் திரும்பவும் ரங்கையாவிடம் போனேன். பலகையை மாட்டுங்கள் என்றேன். இப்போது அதிர்ச்சி அவருக்கு! “நைனா, இத கேட்டியா?” என்று தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் என்னை மேலும் கீழும் பார்த்தான். முகத்தில் உண்மையான கவலை.

பலகை இல்லாமல் மாட்டு வண்டியிடம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்களேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஐயோ, ஏழையிடம் மட்டும் பிடுங்குகிறான் என்று இன்னொரு பத்திரிகைக்காரர் வந்து நிற்பாரே என்றார். அதுவும் நியாயம்தானே? பலகையை மாட்டினால் எல்லாருக்கும் மாட்ட வேண்டும். எல்லாருக்கும் மாட்டினால் தர்மப் பிரபு பட்டம் போகும். லாரிக்காரர்கள் வாயில் என்னென்ன வரும் என்பதை நான் இங்கே அச்சில் சொல்ல முடியாது.

அரை மணி நேரம் கெஞ்சினேன். காசு கொடுக்கிறேன், கொடுக்கிறேன் என்று ஒரு வாடிக்கைக்காரன் முதலாளியைக் கெஞ்சுவதை அந்தப் பங்க் பார்த்திருக்காது. கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

“அன்னிக்கு எழுதறேன்னு சொன்னீங்க இல்ல சார், இப்ப எழுதுங்க. போர்டு மாட்டச் சொன்னது நீங்கதான்னு எழுதுங்க. சண்டைக்கு வர்றவனுக்கு அத எடுத்துக் காட்டறேன். டப்புக்கு ஆசப்பட்டது நான் இல்லன்னு நாலு பேருக்குத் தெரியணும்.”

அச்சில் வரும் வரைக்கும் மாட்டமாட்டாராம். அதுவரை கன்னியம்மாவின் வண்டி பாதி பாரத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகையால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஸ்கூட்டரிலும் காரிலும் போகிற என் வாசகர்களே... அந்தப் பலகையைப் பார்த்து உங்களுக்கும் தூக்கிவாரிப் போடும். போடட்டும். ரங்கையாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். கேட்டு வாங்கி மாட்டச் சொன்னவன் நான்தான். திட்டுவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

எழுதிவிட்டேன், ரங்கையா. நாளைக் காலை வண்டி முழுப் பாரத்தோடு வரும் - பலகையை மாட்டுங்கள்.