சிவப்பு மூடி, கறுப்பு மூடி

கடலே இல்லாத பெங்களூரில் ஐந்து வருடம் அரபிக்கடலின் அடிச்சேற்றைக் கழுவினேன். கழுவியபின் மிஞ்சும் ஓடுகளை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மணல் அளவே இருக்கும் உயிரிகளின் ஓடுகள் அவை. குளிர்நீர் இனம் அதிகம் இருந்தால், அந்தக் காலத்தில் பருவக்காற்று பலமாக வீசி அடிநீரை மேலே கிளப்பியிருக்கிறது என்று பொருள். கழுத்து ஒடியும். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

சேற்றைக் கப்பலில் போய் நாங்களே எடுத்தோம். கடலடியில் செருகி எடுத்த நீளக் குழாயை ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்ததும், மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கறுப்பு மூடி. கீழே போகப் போகப் பழைய காலத்துச் சேறு என்பதால், மாற்றிப் போட்டால் காலமே தலைகீழாகிவிடும். மூன்றாவது துண்டை நான் பிடித்திருந்தேன். என் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், யாரையோ திட்டிக்கொண்டே மூடிகளை அழுத்தினார்.

"சார், சிவப்பு கீழ்ப் பக்கம் போயிடுச்சு."

"வாந்தி எடுத்து எடுத்து உனக்குத் தலை சுத்துது. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் மூடி போடறேன்."

வாந்தி எடுத்தது உண்மைதான். என் கண்ணைவிட அவர் அனுபவத்தை நம்பினேன், முட்டாள். மூடிகளின்படியே லேபிளில் அம்புக்குறி போட்டேன்.

பிறகு ஆய்வகத்தில் அந்த மூன்றாவது துண்டில் குளிர்நீர் ஓடுகள் சட்டென்று குறைந்தன. பருவக்காற்று திடீரென்று படுத்துவிட்டது என்று அவர் துள்ளிக் குதித்தார். கட்டுரை வெளிவந்தது, முதல் பெயர் என்னுடையது. அம்மா எங்கள் விவேக் நகர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதன்பின் ஓடுகளின் வயதுக் கணக்கு வந்தது. மூன்றாவது துண்டில் மட்டும் மேலே பழையது, கீழே புதியது.

கைடு கதவைச் சாத்தினார்.

"ஸ்டூடண்ட் மூடிய மாத்திப் போட்டுட்டாங்கன்னு ஜர்னல்ல ரெண்டு வரி திருத்தம் போட்டுடலாம். நீயே எழுதிடு."

"சார், அன்னிக்கே நான் சொன்னேனே..."

"தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமாம்மா?"

வேண்டும். எழுதினேன். நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் குதறுகிறவர், அந்த இரண்டு வரியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. நன்றியுரையில் அவரை முதலில் வைத்தேன்.

பட்டம் வந்தது. வேலை கேட்டுப் போன மூன்று ஆய்வகங்களிலும் முதல் கேள்வி அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான். கைடின் சிபாரிசுக் கடிதம் மேசையில் இருக்கும்போது என்ன சொல்ல முடியும்? தவறு என்னுடையதுதான் என்றேன், மூன்று இடத்திலும்.

இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடுகிறேன். சம்பளம் நன்றாகவே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சோறு போடும்போது அம்மா எப்போதாவது கேட்பாள்.

"அந்த மூடிய கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கக் கூடாதாடி?"

அவளிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். நான் எழுதிக் கொடுத்ததைத்தானே அவளும் நம்புகிறாள். குழம்பு கேட்டு வாங்கிக்கொள்வேன்.