விடை எழுதாத தபால் அட்டை

மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு முடித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் தபால் அட்டையை நீட்டினார். விரலெல்லாம் விண்விண்ணென்று வலித்தது. ஐந்தாம் வகுப்புவரை படித்த பாவத்துக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான்.

வானொலியில் ஒரு புதிர் போட்டிருந்தார்கள். அந்த வருஷம் சிறந்த செய்தி வாசிப்பாளருக்கு ஒரு பரிசு, சிறந்த பாட்டு நிகழ்ச்சிக்காரருக்கு ஒரு பரிசு. இரண்டையும் வாங்கியது இரண்டு பெயரில் பேசும் ஒரே ஆள். அவர் யார்? வட்டகொடை ஸ்டேஷன் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவர். அவரும் ஒரு பெயர் சொன்னார்.

“காலையில செய்திக்கு முந்தி ஒரு மூச்சு இழுக்கிறாரே, அதே மூச்சுதான் புள்ள சாயங்காலம் பாட்டுக்கு முந்தியும்.”

“சரி, சொல்லுங்க, எழுதுறேன்.”

அவர் சொன்னது: தன் பெயர், தாத்தா இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்திறங்கிய இடம், அப்பா பிறந்த தோட்டம், தான் பிறந்த லயம்.

“கேட்டது ரேடியோக்காரர் பேருதானேங்க? இதெல்லாம் எதுக்கு?”

“எழுது புள்ள. அப்புறம் அது இல்ல, இது இல்லன்னு திருப்பிடுவாங்க.”

சொன்னதையெல்லாம் எழுதினேன். மூன்று வருஷம் அலைந்து அவர் கொடுத்த பிரஜாவுரிமை மனுவுக்கு, இங்கே பிறந்ததற்கு ஆதாரம் போதாது என்று ஒரே வரியில் பதில் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பரிசா அவருக்கு வேண்டும்? தான் எழுதிக் கொடுத்த ஒன்றையாவது யாராவது சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அட்டை நிறைய எழுதி, தூக்கக் கலக்கத்தில் அப்படியே தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். வானொலியில் என் வீட்டுக்காரர் சொன்ன ஆளின் பெயரையே சரியான விடையாக அறிவித்தார்கள். அடுத்ததாக அறிவிப்பாளர் சொன்னார்: “மலைநாட்டிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். தாத்தா வந்திறங்கிய துறை, தகப்பனார் பிறந்த தோட்டம், தான் பிறந்த லயம், எல்லாம் இருக்கிறது. விடையைத்தான் காணவில்லை!”

கடையே சிரித்தது. அட்டையில் விடையை எழுத மறந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி நடக்கையில், “என்னாலதாங்க” என்று அழுதேவிட்டேன்.

“விடு புள்ள. நான் இங்கதான் பொறந்தேன்னு ரேடியோவுல அவரு வாசிச்சாரே, கேட்டியா? ஒரு ஆதாரமும் கேக்கல.”

அன்றைக்கு அவர் இரண்டு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.