கழுவக் கூடாத தொட்டி

மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவளுக்குப் பினாயிலக்கா என்று பெயர். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களுக்குத் தண்ணீர் தயாரிப்பது அவள் வேலை. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் தங்கினாலும் நோயாளியின் ரத்த அணுக்கள் உடைந்துபோகும். எனவே குழாயோ வடிகட்டியோ, எதையும் அவள் ஒரு தடவை கழுவியதோடு நம்பியதில்லை. கேலியாகப் பெயர் வைத்த நர்ஸ்கள், தங்கள் சொந்தக்காரர் யாரையாவது அங்கே படுக்க வைக்க நேர்ந்தால் மட்டும் பினாயிலக்கா பணியில் இருக்கும் வேளையாகக் கேட்டு வாங்குவார்கள்.

நாள் முழுக்க எதுவும் உயிர் வாழாத தண்ணீரைத் தயாரிக்கிறவளுக்கு, வீட்டில் ஏதாவது வாழும் தண்ணீர் வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தாள். உப்பின் அளவும் வெப்பமும் இம்மி பிசகாது. பேருந்து ஓட்டுநரான கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று புலம்புவார்: “கட்டின புருஷன் பச்சத் தண்ணியில குளிக்கிறான். மீனுக்கு ஹீட்டரு.”

“நீங்க பச்சத் தண்ணியில குளிச்சா சாகப் போறதில்ல. அது செத்துடும்.”

“நல்லா இருக்கு நியாயம்.”

சிக்கல் மாண்டரின் மீனால் வந்தது. விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள், யாரோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்ததுபோல. நீந்துவதைவிடப் பாறைமேல் தத்தி நடப்பதே அதிகம். “சாப்பாட்டு விஷயத்துல தங்கமான மீனுக்கா. எதைப் போட்டாலும் தின்னும்” என்றார் மீன்கடைக்காரர். பினாயிலக்கா அந்தச் சொல்லை நம்பினாள். பொய்க்கு இடமில்லாத துறையில் இருப்பவர்கள் மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது உண்டு.

அது எதையும் தின்னவில்லை. உருண்டைத் தீவனம் போட்டாள். உறைந்த இறாலை நகக்கண் அளவுக்கு நறுக்கினாள். மீன் முட்டையைச் சொட்டுக் குழாயில் எடுத்து அதன் வாய்க்கு எதிரே கொண்டுபோய் விட்டாள். மீன் ஒரு கண்ணைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காத சம்பந்திவீட்டு விருந்தாளிபோல நகர்ந்துபோனது. வயிறு ஒட்டி உள்ளே போயிற்று. முதுகெலும்பு தெரிந்தது.

அவள் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள்.

“புது எடம்க்கா. கொஞ்சம் பிகு பண்ணும்.”

“எலும்பு தெரியுது. பிகுவா அது?”

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்க. போனாலும் நல்லதுக்குத்தான். வீட்டுக்கு வர்ற கெட்டதை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடும்னு சொல்வாங்க.”

“அப்போ உங்க கடையில தெனமும் மீன் சாகுதே. ஊர்ல இருக்கிற கெட்டதெல்லாம் உங்களைத் தேடித்தான் வருதா?”

கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அந்த நம்பிக்கையின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். விற்றவன் பொறுப்பேற்க வேண்டிய சாவு, வாங்கியவனுக்கு நற்செய்தி ஆகிவிடுகிறது. அழுதுகொண்டு வந்தவன் அடுத்த மீனை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிறான். கடலில் நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருந்த ஓர் உயிரைப் பிடித்து, பாலிதீன் பையில் அடைத்து, பட்டினிக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் புண்ணியக் கணக்கும் எழுதுகிறார்கள். மூடநம்பிக்கை அப்பாவித்தனம் என்று சொல்பவர்கள் அதற்குப் பின்னால் இருக்கும் கல்லாப்பெட்டியைப் பார்ப்பதில்லை.

பினாயிலக்கா படித்தாள். கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தாள். மாண்டரினின் சாப்பாடு பாறைகளில் ஊரும் உயிருள்ள நுண்பூச்சிகள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெள்ளைப் புள்ளிகள். அவை புட்டியில் அடைத்துக் கிடைக்கும் என்று தெரிந்ததும் வாங்கி வந்து ஊற்றினாள். மறுநாள் ஒரு புள்ளியும் இல்லை. மறுபடி ஊற்றினாள். மறுபடியும் இல்லை. புட்டி மோசம் என்று திட்டினாள், உப்பைச் சந்தேகித்தாள், கடைசியில் கணவரைக்கூடச் சந்தேகித்தாள்.

“தொட்டியில சோப்புக் கையை விட்டீங்களா?”

“அந்தப் பக்கம் மூச்சு விடவே பயமா இருக்கு. கையா விடுவேன்?”

இத்தனைக்கும் நடுவில் அவள் கை தன்பாட்டுக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. தினமும் காலையில் கண்ணாடியைச் சுரண்டும். பாறைகளைத் தூரிகையால் தேய்க்கும். வடிகட்டித் துணியை மாற்றும். தண்ணீர் ஓடும் குழாயில் கிருமி கொல்லும் விளக்கு வேறு இரவுபகலாக எரிந்தது. பல வருடப் பழக்கம். அதை அவள் ஒரு செயலாகவே எண்ணவில்லை.

விஷயம் உடைந்தது அக்கா வீட்டுக்காரரின் மரச்சாமான் கடையில். சோபாக்களுக்கு நடுவே அவரும் ஒரு பெரிய கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். தொட்டி இருந்தால் வாடிக்கையாளர் உட்காருவார், உட்கார்ந்தால் வாங்குவார் என்பது கணக்கு. வருடக்கணக்கில் யாரும் அதைத் தொட்டதில்லை. பின்கண்ணாடி முழுக்கப் பச்சை. பாறைகளுக்குத் தாடி முளைத்திருந்தது.

“வாம்மா பினாயிலு! மூஞ்சி ஏன் கழுவின பாத்திரம் மாதிரி வெளுத்துப்போச்சு?”

“சும்மா இருங்க அத்தான்” என்றபடி அவள் போன் விளக்கை அந்தப் பச்சைமேல் அடித்தாள். வெள்ளைப் புள்ளிகள். ஓடின, தெறித்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எண்ணி மாளாது. அவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் காலைதோறும் தான் சுரண்டிக் கொட்டியது அழுக்கில்லை, மீனின் சோறு என்று புரிந்தது. மீதி இருந்ததை விளக்கு கொன்றிருக்கிறது.

வீட்டுத் தொட்டியைக் கழுவாமல் விடலாம். ஆனால் அது இப்படிப் பாசி பிடிக்க மாதங்கள் ஆகும். மீனுக்கு அவ்வளவு நாள் இல்லை.

அன்று மாலையே மூடிய வாளியில் மீனை அத்தான் கடைக்குக் கொண்டுவந்தாள். கடைத் தொட்டியிலிருந்து சலைன் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வாளிக்குத் தண்ணீர் இறக்கி, மீனைப் பழக்கினாள். உள்ளே விட்டதும் அது பாறையில் நின்றது. பிறகு சட்டென்று ஒரு கொத்து. நகர்ந்து இன்னொரு கொத்து. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட வந்திருந்த கணவர் கைக்குட்டையை நீட்டினார்.

சில வாரங்களில் வயிறு நிறைந்து முதுகு உருண்டது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியா? நீ அளந்து அளந்து பட்டினி போட்ட. நான் திரும்பிக்கூடப் பாக்கல. கைராசிம்மா, கைராசி!”

“கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல அத்தான். உங்க தொட்டி அழுக்கு. அந்த அழுக்குலதான் அதோட சாப்பாடு இருக்கு.”

அவர் சிரிப்பு நின்றது. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். “அழுக்கா? என் கடையிலயா?” உள்ளே திரும்பிக் கத்தினார். “யாருப்பா அங்க? நாளைக்குத் தொட்டியை எறக்கி, கல்லையெல்லாம் ப்ளீச்சுல ஊறப்போடுங்க!”

“அத்தான், வேண்டாம். அதைக் கழுவினா மீன் செத்துடும்.”

“சுத்தம் பண்ணா சாகுமா? ஆஸ்பத்திரியில வேலை பாக்கிற பொண்ணு பேசுற பேச்சா இது?”

அவள் விளக்கினாள். புள்ளிகளைக் காட்டினாள். “பூச்சி வேற இருக்கா?” என்று அவர் இன்னும் பதறினார். உண்மையை எவ்வளவு தெளிவாகச் சொன்னாளோ அவ்வளவு சீக்கிரம் மீனின் சாவு நெருங்கியது. தகப்பனார் செத்தபோதுகூட ஜாதகத்தைப் பழிசொல்ல மறுத்தவள் அவள்.

“சரி அத்தான்” என்றாள். “கைராசிதான்.”

“என்ன?”

“கைராசி உள்ள தொட்டியைக் கழுவக் கூடாதாம். கழுவினா ராசி போயிடுமாம்.”

அவர் யோசித்தார். வியாபாரியின் கண் சுருங்கி விரிந்தது. “அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” உள்ளே திரும்பி, “வேணாம்ப்பா, தொட்டியைத் தொடாதீங்க!” என்றார்.

மீன் பிழைத்துவிட்டது. காரணம் சொன்னால் சாகிற உயிர் கதை சொன்னால் பிழைக்கிற உலகத்தில், காரணத்தோடு வாழ்கிறவர்கள் எவ்வளவு விழுங்க வேண்டியிருக்கிறது!

அடுத்த முறை அவள் மீனைப் பார்க்கப் போனபோது, அத்தான் ஓர் இளம் தம்பதிக்கு நாற்காலி விற்றுக்கொண்டிருந்தார். “இந்தத் தொட்டியைக் கழுவுறதே இல்லைங்க. ராசி. நான் சொல்லல, அதோ, என் கொழுந்தியா சொன்னது. பெரிய ஆஸ்பத்திரியில டெக்னீஷியன். படிச்சவங்களே சொல்றாங்க பாருங்க.”

தம்பதி திரும்பி அவளை மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பெண் கேட்டாள்: “அப்படியாங்க?”

பினாயிலக்கா பாறைமேல் கொத்திக்கொண்டிருந்த மீனைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டினாள்.