அத்தான் எடுத்த திரைப்படங்கள்

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தான். அக்காவைக் கட்டிக்கொண்டதால் எனக்கு அத்தான். மற்றவர்களுக்கு மாஸ்டர். வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார் என்றால் வாய் ஓயாது. "கிளட்ச்சை மெதுவா விடு, கால் என்ன இரும்பா? கண்ணாடியைப் பாரு. உன் மூஞ்சியை இல்ல, பின்னால வர்ற லாரியை." எனக்கும் அப்படித் திட்டித்தான் கற்றுக்கொடுத்தார். உரிமம் வாங்கி வெகுகாலம் ஆன பிறகும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவர் குரல் என் காதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் குரல் ஒரு காலைப் பாடத்தின் நடுவில் நின்றுபோனது. ரொட்டிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். "அடுத்த திருப்பத்துல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று அவள் இன்னும் கவனமாக ஓட்டியிருக்கிறாள். திருப்பம் வந்தும் சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சந்தேகம் வந்தால் முதலில் ஓரம் கட்டு என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே ஓரம் கட்டி, விளக்கைச் சிமிட்ட விட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அவள் பதறாமல் இருந்ததால் உயிர் தப்பியது.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலது கால் பயிற்சியில் ஓரளவு திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. "நீங்க பேசுறது எல்லாம் அவருக்குப் புரியுது, பதிலும் மனசுல இருக்கு. வாய்க்கு வர்ற வழிதான் அடைபட்டிருக்கு" என்று மருத்துவர் அக்காவிடம் சொன்னார். எழுத்தும் போய்விட்டது. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு தலைப்பையே முறைத்துக்கொண்டிருப்பார். எழுத்துகள் எறும்பு மாதிரி கலைந்துவிடுகின்றன போலும். மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "அதான்". பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான். தண்ணீர் கேட்டால் ஒரு அதான், மருமகனைப் பற்றிக் கருத்துச் சொன்னால் வேறு ஒரு அதான்.

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. விடுமுறை முடிந்ததும் போயாக வேண்டும். பகலில் அத்தானுக்குத் துணையாக வீட்டில் இருந்தது ஒரு டேப்லெட். ஓட்டுநர் பள்ளியில் சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுக்க வாங்கியது. காரையும் பள்ளியையும் பழைய மாணவர் ஒருவரிடம் விட்டபோதும் அதை மட்டும் கொடுக்கவில்லை. குறியீடுகளுக்கான செயலியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவை எழுத்து இல்லை, படம். அதனால் கலையவில்லை.

ஒரு நாள் காலை ரொட்டித் துகள் திரையில் விழுந்துவிட்டது. இடது கையின் ஓரத்தால் துடைத்திருக்கிறார். திரை ஒருமுறை மின்னி, 'க்ளிக்' என்று சத்தம் வந்து, இருந்த படம் சின்னதாகி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையின் விளிம்பால் திரையைக் குறுக்கே தேய்த்தால் ஸ்கிரீன்ஷாட் விழும் என்பது அந்த மாடலில் இருந்த வசதி. எங்கள் யாருக்கும் அது தெரியாது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்குவதுதான் நாங்கள் அறிந்த வழி. அத்தானின் வலது கைக்கு அது முடியாத காரியம். இது ஒற்றைக் கைக்காகவே செய்து வைத்தது போல இருந்தது. அன்று பூராவும் தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா நலம் விசாரிக்க வந்தார். வந்தவர் அத்தானின் சாய்வு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். அத்தான் மர ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டேப்லெட்டை எடுத்து, கேலரியில் தேடி, ஒரு படத்தைப் பெரியப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். 'இங்கே வண்டியை நிறுத்தாதே' என்ற குறியீடு.

"என்னம்மா காட்டுறாரு?" என்றார் பெரியப்பா.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க அவர் நாற்காலியில பார்க் பண்ணிருக்கீங்களாம் பெரியப்பா."

"அதான்!" என்றார் அத்தான். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை நான் பார்த்தது அன்றுதான்.

அதற்கப்புறம் அது அவர் பாஷையாகிவிட்டது. திரையில் இருப்பதைப் படம் எடுப்பதால் 'திரைப்படம்' என்று நான் பெயர் வைத்தேன். அக்கா சத்தம் போட்டால் 'ஹார்ன் அடிக்காதே'. குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் 'வழுக்கும் சாலை'. அக்கா பழைய சண்டையைத் தோண்டினால் 'திரும்பிப் போகாதே'. வயிறு சரியில்லை என்றால் 'குண்டும் குழியுமான பாதை'. குறியீடுகளில் கிடைக்காதவற்றை வேறு இடங்களில் பிடித்தார். வானிலைச் செயலியில் மழைமேகம் வந்ததும் ஒரு தேய்ப்பு. கொடியில் துணி காய்கிறது என்று அர்த்தம். வரைபடத்தில் முடிவெட்டும் கடை இருக்கும் தெருவில் ஒரு தேய்ப்பு. முடி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரே தொல்லை, எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. வேண்டியது பாதி என்றால், கை பட்டுத் தானாக விழுந்தவை மீதி: வெறும் திரை, கடிகாரம், பூட்டுத் திரை, ஒரே படமே வரிசையாகப் பத்துத் தடவை. ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். வரிசையில் நின்று நம் முறை வருவதற்குள் கடை மூடிவிட்டது போல ஆகிவிடும். கடைசியில் 'நினைவகம் நிரம்பிவிட்டது' என்று டேப்லெட்டே முரண்டு பிடிக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தானின் மகள் வந்தாள். எங்களுக்கெல்லாம் அவள் பாப்பா. வெளியூரில் கணவனோடு இருக்கிறாள், ஒரு அலுவலகத்தில் வேலை. தினமும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவாள். ஆனால் அழைப்பு வருவதே அந்த டேப்லெட்டில்தான். அவளோடு பேசும்போது அத்தானால் படம் காட்ட முடியாது. ஆகவே அவளுக்குத் தெரிந்த அப்பா, சிரித்துக்கொண்டு "அதான், அதான்" என்று தலையாட்டுகிறவர் மட்டும்தான். படங்களைப் பற்றி அக்கா சொல்லியிருக்கிறாள். பாப்பா அதை ஏதோ பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வந்த மறுநாள் அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் குளித்துவிட்டு வருவதற்குள் பாப்பா டேப்லெட்டைக் கையில் எடுத்தாள். எதைத் தொட்டாலும் திணறியது. திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் ஸ்கிரீன்ஷாட்கள். பாவம், கை தவறித் தவறி விழுந்திருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். இடம் காலியாக வேண்டுமே என்று குப்பைத் தொட்டியையும் கையோடு துடைத்துவிட்டாள்.

"அப்பா, சுத்தம் பண்ணிட்டேன். இப்பப் பாருங்க, பறக்குது!"

அத்தான் வாங்கிப் பார்த்தார். கேலரியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அதான்கூடச் சொல்லவில்லை. டேப்லெட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நான் போனபோது வீடே உம்மென்று இருந்தது. அக்கா கைப்பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை, மகள்மீது பாய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ குப்பைன்னு நெனச்சது உங்கப்பாவோட வாய்டீ!"

"எனக்கெப்படிம்மா தெரியும்? பாதி வெறும் படமா இருந்துச்சு."

"மாமா வந்துட்டாரு, கேளு. திரும்ப எடுக்க முடியுமான்னு கேளு."

நானும் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். அழித்தது அழித்ததுதான். வேறெங்கும் நகல் இல்லை. பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றாள். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இரண்டு நாள் அவர் டேப்லெட்டைத் தொடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், போட்டதைச் சாப்பிட்டார், எழுந்து போனார். பாப்பா விடுப்பை நீட்டித்தாள். மூன்றாம் நாள் டேப்லெட்டோடு அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குறியீட்டுச் செயலியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள்.

"மறுபடி எடுப்போம்பா. ஒவ்வொண்ணா. எது எதுக்குன்னு எனக்கும் சொல்லிக்கொடுங்க."

அத்தான் டேப்லெட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு விரலால் தள்ள ஆரம்பித்தார். ஒரு குறியீட்டில் நின்றார். தேய்த்தார். க்ளிக்.

"இது என்னது? குறுகலான பாலம். கதவா? கதவு சின்னதா இருக்குன்னா? இல்ல, பணம் நெருக்கடியா? செருப்பா? செருப்பு கடிக்குதா?"

அத்தான் தொண்டையைத் தொடப் போனார். அதற்குள் அவள், "சட்டையா? காலர் இறுக்குதா? வேற சட்டை வேணுமா?" என்று எழுந்தே விட்டாள்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வேகமாகத் தள்ளி வேறொரு குறியீட்டைப் பிடித்தார். ஒன்றையொன்று ஒட்டி ஓடும் இரண்டு கார்கள், குறுக்கே சிவப்புக் கோடு. 'முந்திச் செல்லாதே'. அதைத் தேய்த்துப் படமாக்கி, அவளிடம் நீட்டி, விரலால் முதலில் அவள் வாயையும் பிறகு தன் வாயையும் காட்டினார்.

பாப்பா உட்கார்ந்தாள். அவளுக்கு அது சுருக்கென்று பட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். தினமும் வீடியோ காலில் அப்பா ஒரு அதான் சொல்வதற்குள் டீயா, மாத்திரையா, அம்மா எங்கே என்றா என்று இவளே கேட்டு, இவளே பதிலும் சொல்லி முடித்திருக்கிறாள்.

"சரிப்பா. நீங்க சொல்லுங்க. நான் பின்னாலயே வர்றேன்."

அவர் மெதுவாகத் தொண்டையைத் தொட்டார். விழுங்கிக் காட்டினார். முகத்தைச் சுளித்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் மேசையில் இருந்த ரொட்டியைத் தொட்டு மறுபடி விழுங்கிக் காட்டினார்.

"விழுங்கக் கஷ்டமா இருந்தா, குறுகலான பாலம்."

"அதான்."

அந்த வாரம் முழுவதும் இப்படித்தான் போனது. அவர் எடுப்பார், அவள் ஒழுங்குபடுத்துவாள். ஓரத்தில் தெரியும் கடிகாரத்தையும் விளம்பரத்தையும் வெட்டி, படத்தை மட்டும் நிறுத்துவாள். ஒன்றே இரண்டு மூன்று இருந்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பாள். அழிக்குமுன் அவரிடம் காட்டிக் கேட்பாள். பெயர் எழுதினால் அவரால் வாசிக்க முடியாது என்பதால், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் முகப்புப் படம் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். உடம்புக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று. சண்டைக்குத் தனி ஆல்பம், அதில்தான் கூட்டம் அதிகம். அடிக்கடி வேண்டியவற்றுக்கு இதயக் குறி போட்டு முன்னால் கொண்டுவந்தாள். நகல் ஒன்று நினைவு அட்டையிலும் ஒன்று அக்காவின் போனிலும் ஏறியது.

திரும்பக் கிடைக்காதது ஒன்றுதான். வீடியோ காலில் எப்போதோ பிடித்த பாப்பாவின் முகம். அவளைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் அக்காவிடம் அதைத்தான் காட்டுவாராம். இதைக் கேட்டதும் பாப்பா தலைவாரிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து அழைத்தாள். அழகாகச் சிரித்தாள். அத்தான் தேய்க்கவில்லை. தலையைச் சாய்த்தாள், மறுபடி சிரித்தாள். அவர் கை அசையவில்லை.

"எடுங்கப்பா, கன்னம் வலிக்குது! எவ்ளோ நேரம் இப்படியே..."

அவள் வாயைப் பிளந்து அலுத்துக்கொண்ட அந்த நொடியில் க்ளிக். பழைய படமும் இதே லட்சணத்தில்தான் இருந்தது என்று அக்கா சாட்சி சொன்னாள். பாப்பா எவ்வளவோ கெஞ்சியும் அவர் அதை மாற்றவில்லை.

அவள் ஊருக்குப் போன பிறகு அத்தானுக்குச் சில சொற்கள் வந்தன. அக்காவின் பெயர் வந்தது. 'வா', 'போ', 'வேணாம்' வந்தன. ஆனாலும் நீளமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டேப்லெட்தான். வீடியோ காலுக்கு இப்போது அக்காவின் போனை வைத்துக்கொண்டு, டேப்லெட்டை அதன் முன்னால் தூக்கிப் பிடிக்கிறார். பாப்பா காத்திருந்து பதில் சொல்கிறாள். சில நாள் அவர்கள் பேசி முடிக்க வெகுநேரம் ஆகிறது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, தன்னிடம் வரும் இன்னொருவரைப் போன மாதம் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் எலெக்ட்ரீசியன், அத்தானைவிட இளையவர், அதே வியாதி. அவரிடம் மிஞ்சியிருந்த சொல் "இல்ல". அத்தான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆல்பங்களைத் திறந்து காட்டினார். களைப்பு என்பதற்கு அவர் வைத்திருந்தது 'செங்குத்தான ஏற்றம்': மலையில் முக்கி முனகி ஏறும் ஒரு லாரி.

"இல்ல" என்றார் எலெக்ட்ரீசியன். டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து, திரை மூலையில் சிவப்பாகித் தீர்ந்துகொண்டிருந்த பேட்டரிக் குறியைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"அதான்!" என்று அத்தான் லாரியைக் காட்டினார்.

"இல்ல, இல்ல!"

"அதான், அதான்!"

அக்காவும் அந்த மனிதரின் மனைவியும் என்னவோ ஏதோ என்று சமையலறையிலிருந்து ஓடி வந்தார்கள். வாதம் செய்துகொண்டிருந்த இருவரும் ஒரு வினாடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். போகும்போது எலெக்ட்ரீசியன் அடுத்த வாரமும் வருவதாகச் சைகை செய்தார். வந்தார், தன்னுடைய டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு.