அக்காவின் கலங்களும் அன்ரியின் அர்ச்சனையும்

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்தேன். இழவு விழுந்த வீட்டில் நல்லதும் நடந்தது என்று சொல்லக் கூச்சம்.

2009 மே மாதம், ஊரில் யுத்தம் முடிந்த நாட்கள். நாங்கள் ரொறொன்ரோவில், மல்வேர்னில் இருந்தோம். கைக்குழந்தையான என் மகன் ஓயாத காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் தனியறையில் கிடந்தான். என்ன வருத்தம், என்ன நோயென்று ஒரு தமிழ்த் தாதிதான் எனக்கு விளங்கச் சொன்னாள்.

"அக்கா, கிருமியைப் பிடிக்கிற பிறபொருளெதிரி எண்டு ஒண்டு எங்கட உடம்பில இருக்கு. அதைச் செய்யிற கலம், அதுதான் செல், ஒவ்வொண்டும் தன்ர பரம்பரை அலகை, அந்த ஜீனை, வெட்டி, துண்டுகளை மாத்தி மாத்தி ஒட்டும். அதாலதான் முன்பின் காணாத கிருமிக்கும் ஒண்டு தயாரா இருக்கும். தம்பிக்கு அந்த வெட்டுற கத்தியே இல்லை."

"அப்ப கத்தியைக் குடுங்கோவன்!" என்றேன்.

"அதுக்குத்தானே அந்தக் கலங்கள் பிறக்கிற எலும்பு மச்சையை மூத்தவளிட்டக் கேக்கிறம்" என்று சிரித்தாள்.

மகளின் மச்சை பொருந்தியது. அதை ஏற்றும் நாள் காலையில் முருகனுக்கு அர்ச்சனை செய்வதாக நேர்ந்திருந்தேன். அதற்கு முதல் நாள் செய்தி வந்தது. வன்னியில் கணவரின் தம்பி போய்விட்டார். துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்க முடியாது. கணவர் சுவரோடு சாய்ந்திருந்தார். பிள்ளையின் நேர்த்தியும் தவறுகிறதே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

துக்கம் விசாரிக்க வந்தார் கீழ்மாடி அன்ரி. மன்னார்க் கத்தோலிக்கர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு உந்தத் துடக்கில்லைப் பிள்ளை. விடிய முழுகிப்போட்டு நான் போறன். நட்சத்திரத்தைச் சொல்லு" என்றார்.

மறுநாள் நான் தனியறைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போது அன்ரி எனக்குப் போன் எடுத்தார்.

"ஐயர் கோத்திரம் கேட்டார், முழிச்சன். சிவகோத்திரமெண்டு தானே சொல்லிச் செய்தார். வரேக்க சேர்ச்சிலயும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். அது என்ர பங்கு."

உள்ளே மகளின் மச்சை சிவப்பாக, துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் இரத்தம் சோதித்துவிட்டு அந்தத் தாதி என் கையைப் பிடித்தாள். "அக்கா, தம்பியின்ர உடம்பு தானே வெட்டி ஒட்டுது!"

வன்னியில் போன கணவரின் தம்பி திரும்பப்போவதில்லை. ஆனால் மகன் இன்று பஸ்ஸில் எல்லோரோடும் இடிபட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். எல்லோருக்கும் வருகிற தடிமன், சளிதான் அவனுக்கும் வருகிறது. அவன் அக்காவின் கலத்திலும் அயல்வீட்டின் வேண்டுதலிலும் முருகனே வந்தான் என்று நம்புகிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அன்ரியைச் சைவமாக்காமல், என்னைக் கிறிஸ்தவளாக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.