கேமரா உள்ள ரோடு

அடி தாங்க முடியாமல் ராஜபாளையத்தில் கணவன் வீட்டை விட்டு வெளியேறி, மகளோடு மம்சாபுரத்தில் வாடகைக்கு இருந்தேன். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவேன். தோப்பு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனாலும், வண்டி நம்பரைப் படம் பிடிக்கிற கேமரா வைத்த மெயின் ரோட்டில்தான் ஸ்கூட்டரை ஓட்டுவேன். தனியாகப் போகிற பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு என்று நம்பினேன்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால், என் ஸ்கூட்டர்மேல் கணவன் உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி, எம்புட்டு தூரம் போயிருவோம்னு நெனச்ச?"

செல்போனை நீட்டினான். நான் ஸ்கூட்டரில் போகும் படங்கள். பின்னால் என் இடுப்பைப் பிடித்தபடி மகள்.

"கேமரா ரூம்ல கூட்டாளி இருக்கான். நம்பரத்தான் சொன்னேன். நீ போற வார நேரமெல்லாம் எடுத்துக் குடுத்துட்டான்."

சொல்லிக்கொண்டே அடிக்க ஆரம்பித்தான். கடைக்காரர்கள் ஓடி வந்து அவனைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன்.

அடித்ததற்குப் போலீசில் புகார் வாங்கிக்கொண்டார்கள். படத்தைக் கொடுத்த ஆளைப் பற்றிக் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் நிமிராமலே சொன்னார்:

"யாரு பாத்தா, எதுக்குப் பாத்தான்னு அங்க பதியறதே இல்லக்கா. எத வச்சு யாரக் கேக்க?"

வீட்டை மாற்றிவிட்டேன். இப்போது தோப்பு வழியில்தான் போகிறோம். கேமரா இருக்கிற ஓர் இடத்தில் மட்டும் மெயின் ரோட்டைக் கடந்தாக வேண்டும். அங்கே வந்ததும், நான் சொல்லாமலே, மகள் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

கேமரா பார்ப்பது முகத்தை அல்ல, வண்டி நம்பரை என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.